வெள்ளைப் படம்

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் செயலாளரம்மா அந்தப் பெயரை வைத்துவிட்டார். பத்து மணிக்குக் கொடுத்த வேலையை டீ வருவதற்குள் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று எதிரே வந்து நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அவசரமும் கெட்டிக்காரத்தனமும் ஒன்றுதான் என்று நினைக்கிற வயது.

காணாமல் போனவர்களைத் தேடும் சின்ன அமைப்பு அது. மாடியில் இரண்டு அறை, மூன்று மேஜை, சுற்றுவதைவிட முனகுவதே அதிகமான ஒரு மின்விசிறி. அவர்களுடைய இணையதளம் பதினாலு வருடப் பழசு. ஆளுக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், அன்று போட்டிருந்த உடை. செல்போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஊரும். எல்லாவற்றையும் புதிய தளத்துக்கு மாற்றத்தான் அவளை எடுத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் சமர்த்தாக ஏறிவிட்டது. படங்கள்தான் உயிரை வாங்கின. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.

அவற்றில் அறுபத்தொரு படங்கள் வெறும் வெள்ளை. முகம் கிடையாது, நிழல்கூடக் கிடையாது. எப்போதோ கெட்டுப்போன பைல்கள் என்று தானாகவே முடிவுகட்டி, அப்படியே ஏற்றிவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் புதிய தளம் திறக்க வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது முப்பத்தேழு படங்கள் ஏறாமல் நின்றன. அளவு பெரிது என்று புதிய தளம் திருப்பித் தள்ளியிருந்தது. அந்த முப்பத்தேழு பக்கங்களிலும் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உடைந்த சின்னம் அசிங்கமாகத் தெரிந்தது. மதியத்துக்குள் ஒவ்வொன்றாகச் சுருக்கி ஏற்றிவிடலாம், அதுவரை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, படம் இல்லாத இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைக் கட்டம் வரும்படி செய்தாள். செய்துவிட்டுத் தளத்தைத் திறந்தாள்.

"முடிஞ்சுதும்மா," என்றாள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே.

பதினொன்றேகாலுக்கு முதல் போன் வந்தது. ஒரு பெரியவர். பேச்சு வராமல் மூச்சுதான் முதலில் கேட்டது.

"நீங்கல்லாம் நல்லா இருக்கணும்மா. நாங்க எங்க வரணும்?"

"எதுக்குங்கய்யா?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு செயலாளரம்மாவிடம் சொன்னாள். அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெள்ளையை யார் போட்டது?"

"நான்தாம்மா. அந்தப் படங்க ஏறல. அதான் தற்காலிகமா..."

"வெள்ளைப் படம்னா ஆள் கிடைச்சாச்சுன்னு அர்த்தம்."

அதுதான் அங்கே வழக்கம். அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் ஆரம்பித்து வைத்தது. ஆள் கிடைத்துவிட்டால் குடும்பத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெள்ளையைப் போடுவார். 'கிடைத்துவிட்டார்' என்று எழுதினால் போச்சு. எங்கே போனான், யாரோடு போனாள் என்று தெருவே வந்து விசாரிக்கும். திரும்பி வந்தவர்கள் வந்தது வந்தபடி நிம்மதியாக இருக்கட்டும் என்று அந்த மனிதர் செய்த ஏற்பாடு. காத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் அது தெரியும். காலையில் பல் தேய்க்கும் முன்பே பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. ஆபீஸிலிருந்து போன் வருவதற்குள் வெள்ளையைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தவர்களும் உண்டு.

"எங்கயும் எழுதி வைக்கலையேம்மா," என்றாள். அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது.

"எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணல. எங்க எல்லாருக்கும்தான் தெரியுமே." செயலாளரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல்ல அதை மூடு. பட்டியலை எடு."

பெரியவரிடம் செயலாளரம்மாவே பேசினார். மற்ற எண்களை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மேல் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர் அவளை வாயில் வந்தபடி ஏசினார், ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். அவள் ஒவ்வொரு பெயரையும் அடித்துக்கொண்டே போனாள். போகப் போக ஒன்று தெரிந்தது. நல்ல தெளிவான படமாக, முடிந்த மட்டும் பெரிதாக அனுப்புங்கள் என்று பழைய ஆள் எல்லாக் குடும்பங்களிடமும் சொல்லியிருக்கிறார். கையில் இருந்ததை அனுப்பியவர்களின் படமெல்லாம் ஏறிவிட்டது. ஸ்டுடியோவுக்கு அலைந்து, பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பினவர்களின் படம்தான் ஏறவில்லை.

ஒரு எண் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு 'பிஸி' என்று வந்தது. காணாமல் போனபோது இருபத்துமூன்று வயதுப் பையன். ஆறு வருடம் ஆகிறது. தேடுவது அவனுடைய அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, அதனால் ஆபீஸில் லேப் அக்கா.

ஒரு மணிக்கு லேப் அக்கா படியேறி வந்தார். வேலை செய்கிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்க நின்று, சிரித்துக்கொண்டே துணிப் பையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு அவன் பழைய அளவு. ஒண்ணு கொஞ்சம் பெருசு, வர வழியில வாங்கினேன். ஆறு வருஷமாச்சே, உடம்பு போட்டிருப்பானோ என்னவோ. எங்க இருக்கான்?"

செயலாளரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் சொல்றேம்மா," என்றாள் அவசரம்.

சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை அவசரமில்லாமல் சொன்னாள். படம் ஏறாதது, வெள்ளைக் கட்டம், அதன் அர்த்தம் தனக்குத் தெரியாதது எல்லாவற்றையும். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை என்பதைத் தனியாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் லேப் அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கடைசியாக உதட்டிலிருந்துதான் போயிற்று.

"மெஷின் பண்ணின தப்பா?" என்று கேட்டார். அவளுக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி கொடுப்பது போலிருந்தது.

"இல்லக்கா. நான் பண்ணினது."

லேப் அக்கா சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்திருந்த சட்டைகள். அப்போது அவருடைய கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

"பஸ்ல வரும்போதே சொல்லிட்டேன்," என்றார். "வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிட்டேன்." போன் அடித்துக்கொண்டே இருந்தது. "என்னால முடியாது. நீ பேசுறியா?"

செயலாளரம்மா கையை நீட்டினார். அதற்குள் அவள் வாங்கிவிட்டாள்.

"அலோ, யாரு?" வயதான குரல், உற்சாகத்தில் சற்றுச் சத்தமாகவே. "ஆபீஸ்லேர்ந்தா? நீதான் எம்மவனைக் கண்டுபிடிச்ச பொண்ணா?"

"இல்லம்மா. நான் கம்ப்யூட்டர்ல படம் ஏத்துறவ. உங்க மகன் படம் இருந்த இடத்துல தெரியாம வெள்ளையைப் போட்டுட்டேம்மா. அவர் இன்னும் கிடைக்கல. உங்க பொண்ணு மேல தப்பில்ல, தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் ஏதோ அடுப்பில் கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிட்டானான்னு கேக்கத்தாம்மா கூப்பிட்டேன்," என்றது குரல்.

அவள் மேஜைமேல் இருந்த சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு நிக்கிறாளா அங்க? காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. அவளைக் கொஞ்சம் உக்காரச் சொல்லும்மா. நான் வெச்சுடறேன்."

போன் அணைந்தது. அவள் தன்னுடைய நாற்காலியை இழுத்து லேப் அக்காவின் அருகில் போட்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"உங்களை உக்காரச் சொன்னாங்க."

லேப் அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.