ரோஸிலியின் இடது கண்

1

இந்தக் கதை ஒரு குழாயடியில் பிறந்தது. கேரளத்தில் பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் பால் சேகரிக்கும் கொட்டகையில் ரோஸிலிச் சேச்சியோடு வேலை பார்க்கிறேன்; ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறேன். பால் உறைந்துவிடாமலிருக்க டிரம்களில் அமோனியா நீர் ஊற்றுவது எங்கள் வேலை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

மீனச்சில் ஆற்றின் மேல் வானம் அன்று அழுவதற்குத் தயாராக...

வேண்டாம். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் கிடந்த அமோனியா கேனைச் சேச்சி திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த ஆவி சீறியது. நீர் அவருடைய இடது கண்ணிலும் மார்பிலும் தெறித்தது.

2

தலையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் கொண்டுபோனேன். இறுக மூடிக்கொண்ட இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தேன். நனைந்த சட்டையை, கூட வேலை பார்க்கும் சுலோசனா கத்தரித்து எடுத்தாள். யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள். வினிகர் ஊற்றினால் காரம் முறியும் என்றார் இன்னொருவர்.

(ஊற்றாதீர்கள். தண்ணீர், வெறும் தண்ணீர், கால் மணி நேரத்துக்குக் குறையாமல், உடனே மருத்துவர். இந்த வரியை அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை.)

மேலாளர் அவிராச்சனுக்கோ, பால் ஏற்ற லாரி காத்திருந்தது. தொட்டித் தண்ணீர் தீர்கிறது, டிரம் கழுவ வேண்டும், போதும், வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்றபடி குழாயை மூடக் கை நீட்டினார். சேச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்.

“குழாயில கை வெச்சீங்கன்னா, சாரே, கேன்ல மிச்சம் இருக்கறதை உங்க மேசையில கவுத்துடுவேன்.”

கை பின்வாங்கியது. கழுவி முடித்த பிறகே சேச்சி ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏறினார்.

3

இந்த இடத்தில்தான் எழுதுகிறவளுக்குச் சபலம். என் இரண்டாவது வரைவில் சேச்சியின் பார்வை போய்விட்டது. சோகம் பிரமாதமாக வந்திருந்தது. கண்ணில் கட்டோடு படுத்திருந்தவருக்கே வாசித்துக் காட்டினேன்.

“என் கண்ணைப் புடுங்கிக்கிட்டா உனக்குக் கதை கிடைக்கும். எனக்கு என்னடி கிடைக்கும்?”

கிழித்துப் போட்டேன். பார்வை போகவில்லை. சில வாரம் சிவந்து உறுத்திவிட்டுத் தேறியது.

4

திரும்பி வந்த அன்று சேச்சி கேனைத் தொடவில்லை. கண்ணை மூடும் கண்ணாடி, கையுறை, கேன்களுக்கு நிழல், கொட்டகைக்குள்ளேயே ஒரு குழாய். இவை வரும்வரை திறக்க மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். வேலையை விட்டுத் துரத்துவேன் என்றார் அவிராச்சன். டிரம்களில் பால் திரளத் தொடங்கியது. பொறுக்கமாட்டாமல் அவரே முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கேனைப் பிடித்தார்.

சேச்சி எழுந்துபோய் மூடியின் மேல் கையை வைத்தார்.

“கண்ணாடி இல்லாம யாரும் திறக்கக் கூடாது. நீங்களும்தான் சாரே.”

அவர் கேனை விடவில்லை. இவர் கையை எடுக்கவில்லை.

5

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவிராச்சன் மனம் மாறி அழுகிறார் (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்). அதிகாரி வந்து இறங்குகிறார் (எங்கிருந்து?). மூன்றாவதில் சேச்சி... இல்லை, அவர் கையை எடுக்க மாட்டார்.

ஆகவே முடிவை நான் தருவதாக இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பால் கெட்டுப்போகட்டும், லாரி போகட்டும், எங்கள் வேலைகூடப் போகட்டும். யார் கண்ணிலும் மட்டும் கைவைக்காதீர்கள்.