லெலந்தோஸ் சண்டைக்கு ஒன்பதாவது சாட்சி

ராயபுரத்தில் வேதமாணிக்கத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவரோடு பேசுகிறவர்கள்தான் இல்லை. பாதிரியாராகப் படிக்கப் போய், கிரேக்க பாஷையை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பி, துறைமுகத்தில் குமாஸ்தாவான மனிதர். மனைவி பவுனம்மாள் போன வருஷம் விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் கிடையாது.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரு சண்டை. இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் கால்கிஸ், எரெத்ரியா என்ற இரண்டு பக்கத்து ஊர்கள் லெலந்தோஸ் வயல்வெளிக்காக அடித்துக்கொண்ட சண்டை. கிரேக்க தேசமே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதாம். அவ்வளவு பெரிய விவகாரத்தைப் பழைய ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு வரி, இரண்டு வரியோடு முடித்துவிட்டார்கள். அந்த வரிகளைப் பொறுக்கி எட்டு சாட்சிகளாக அடுக்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. தினமும் மாலையில் அவற்றைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். கேட்க ஆளில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். உயிரோடிருந்தவரை உள்ளே பவுனம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒருவர் அக்கறையாகக் கேட்டால் போதும் என்றுதான் சீமையிலிருந்த ஒரு பண்டிதருக்குக் கட்டுரையை அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, 1927 ஜூலையில், கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ் போகவில்லை. காலையில் பச்சையம்மா மீன்கூடையை வாசலில் இறக்கினாள். பதினைந்து வருஷமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுப்பவள்.

"சுத்தித் தர காயிதம் கீதா நைனா?"

வேதமாணிக்கம் கட்டைப் பிரித்து முதல் தாளை நீட்டினார். மனசு அந்த அளவுக்கு விட்டுப்போயிருந்தது.

"இன்னா இது, எழுதின காயிதமா கீது?"

"பழைய சண்டைக் கதை. யாருக்கும் வேண்டாம்."

பச்சையம்மா கையை இழுத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு ஊரு சண்டையா? தூரத்துல நின்னு எதையும் எறியக் கூடாது, கிட்ட வந்துதான் அடிச்சிக்கணும்னு கல்லுல வெட்டி வச்சாங்களே, அதுவா?"

அவர் அடுக்கிய எட்டில் அது நான்காம் சாட்சி.

"உனக்கு யார் சொன்னது?"

"பவுனம்மா அக்காதான். சாயங்காலம் நீ படிக்கிறத்த, காலைல நீ ஆபீஸ் போனப்புறம் எங்கிட்ட சொல்லும்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே."

"நீ எங்க திரும்பிப் பாத்த?"

அவர் கூடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "வேறென்ன சொன்னாள்?"

பச்சையம்மா ஒரு மீனைக் கழுவிக் கூடையில் போட்டாள். "அந்தக் கல்லு கதைய சொல்றப்பல்லாம் சிரிக்கும். எங்க வூட்டுக்காரரு சண்ட போடக்கூட கிட்ட வர மாட்டாரு பச்சையம்மான்னு சொல்லும்."

வேதமாணிக்கம் தாளைத் திருப்பிப் போட்டார். ஒன்பது என்று எண் போட்டு, பவுனம்மாள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவள் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்," என்றார்.