தனாங் தூதுக்குழுவின் கள ஆய்வு

புலம்பெயர்ந்த தமிழர் குடியிருந்த பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி 'பண்பாட்டு ஆய்வுத் தூதுக்குழு' பிறந்தது. தலைவர் சோதிலிங்கம். அவரைத் தலைவராக்கியவரும் சோதிலிங்கம். வியட்நாமில் தனாங் என்ற கடலோர நகருக்குப் போய், சாம் அரசர்கள் காலத்துச் சிவன் சிலைகளைப் பார்ப்பது திட்டம். எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபரில் வரும் லேபர் வீக்கெண்ட் விடுமுறையோடு சேர்த்து ஆறு நாள். அதற்குள் பதினொரு சொற்பொழிவு. பதினொன்றையும் ஆற்றப்போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் மனைவி யோகராணிக்குச் சிவனோடு பகையில்லை. ஆனால் விரி என்ற பகுதியிலுள்ள தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி கட்டும் லான் தனாங்காரி. லானின் தாய் அங்கே கடற்கரைத் தெருவில் மீன்வடை நூடுல்ஸ் விற்கிறாள். பேரனை இன்னும் கண்ணால் கண்டதில்லை. பேரனின் படமும் தாயின் விலாசமும் யோகராணியின் கைப்பையில் இருந்தன. கட்டாயம் போய், சாப்பிட்டு, கையில் கொடுத்துவிட்டு வருவேன் என்று லானுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஒரு மத்தியானம் காணும், கூட வேண்டாம்," என்றாள்.

"இஞ்சரும், உது பண்பாட்டுப் பயணம். நூடுல்ஸுக்கு நேரமில்லை," என்றார் சோதிலிங்கம். "லான் சொல்லுறாள், ஒக்டோபரில அங்க மழை வெள்ளமாம்," என்று அவள் மூன்றாம் முறையாகச் சொன்னதற்கும் அதே பதில்தான்.

அப்போது சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த, குழுவில் சேர்ந்திருந்த குணவதி வாயில் கை வைத்தாள். "ஐயோ, இது கந்தசஷ்டி எல்லோ! ஆறு நாளும் விரதம்!"

குணவதியின் கணவர் மகேசன், கடலுணவுக்காகவே பெயர் கொடுத்தவர், எச்சிலை விழுங்கினார். சோதிலிங்கமோ நிமிர்ந்தார். "நல்லதாப் போச்சு. பாலும் பழமும். அந்நிய மண்ணில எங்கட விரதத்தைக் காட்டுவம். நேற்று வெள்ளிக்கிழமையும் நான் பச்சைத் தண்ணியோடதான் இருந்தனான்."

"அப்ப நாங்கள் வரேல்லை, அண்ணை," என்று மகேசன் எழுந்தார். ஆளில்லாவிட்டால் பயணமில்லை. யோகராணி கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

பிறகு, "இஞ்சருங்கோ, ஒருக்கா குசினிக்கு வாங்கோ," என்றாள்.

உள்ளே, எண்ணெய் ஊறிய பொட்டலத் தாள் ஒன்றை விரித்தாள். ஓர் ஓரத்தில் மீன்தோல் ஒட்டியிருந்தது.

"உங்கட கார் சீற்றுக்குக் கீழ கிடந்தது. நேற்றையான் பச்சைத் தண்ணிபோல. எறியட்டோ, குணவதிக்குக் காட்டட்டோ?"

சோதிலிங்கம் தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "எறியும்," என்றார்.

மேசைக்குத் திரும்பி, தொண்டையைக் கனைத்தார். "ஒக்டோபரில அங்க பெருமழை. என்ர ஆராய்ச்சியில தெரியவந்தது. பயணம் அடுத்த ஈஸ்டருக்கு." பேனாவை எடுத்து, நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் சொற்பொழிவுகளை வெட்டி, அந்த இடத்தில் எழுதினார்: 'கடலோர உணவு மரபு – நேரடிக் கள ஆய்வு. மூன்று மணி நேரம்.'

மகேசன் மறுபடி உட்கார்ந்தார்.

எல்லோரும் போன பிறகு யோகராணி பேரனின் படத்தை ஒரு புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தாள். சோதிலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூண்டு மணித்தியாலம் காணுமோ, இராணி? அவ வடை எத்தினை போடுவாவாம்?"