அக்கா பிடித்த படகு

துணிப் பாய் கட்டிய படகென்றால் கரைக்கு வந்ததும் பாயை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என் மச்சான் கட்டியது அந்த ஜாதியில்லை. இரண்டு ஒல்லி ஓடங்களை இணைத்த சின்னப் படகு. அதன் நடுவில் விமான இறக்கையை நட்டு வைத்த மாதிரி விறைப்பான ஒரு பாய். சுருட்டவும் முடியாது, இறக்கவும் முடியாது. நிமிர்த்திவிட்டால் மறுபடி மணலில் சாய்க்கும்வரை, காற்று வந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும். படகில் ஆள் இருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்காது. அதனால் நாங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் என் அக்காதான்.

மச்சான் கடைகளுக்கு விளம்பரப் பலகை செய்பவர். சட்டம் அடித்து, அதன்மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் தாளை இழுத்து ஒட்டுவதில் மன்னன். எங்கோ இறக்கைப் படகின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “இது நம்ம வேலைதானே மாப்ளே?” என்றார். அவ்வளவுதான், அக்கா வீட்டுக் கூடம் போச்சு. சோபா மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியது. ஒட்டுப்பலகையில் அறுத்த விலாக்கள் மீன்முள் மாதிரி கூடம் முழுக்க வரிசையாக நின்றன. அவற்றின் மேல், சூடு பட்டால் சுருங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அக்காவின் இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்தோம். தாள் தானே இழுத்துக்கொள்ளும். மச்சான் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுண்டி, டம் என்று கேட்டால்தான் அடுத்ததற்குப் போவார்.

ஒருநாள் நான் சூட்டை ஏற்றிவிட்டேன். நட்ட நடுவில் பொத்தல். நாங்கள் இரண்டு பேரும் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். அக்கா நர்ஸ், டியூட்டி முடிந்து வந்தவள் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினாள்.

“காயம் ஆறிடும். பொட்டியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க யாரு சுரண்டுறது? நாளைக்கு என் யூனிஃபார்ம எதால தேய்க்கிறது?”

மறுநாள் கசங்கிய உடுப்போடுதான் வேலைக்குப் போனாள். அந்தக் கூடத்தில் சிரித்த மாதிரி நான் பிறகு எங்கேயும் சிரித்ததில்லை. ஒட்டுப்பசை வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஏரியில் மச்சான் சுக்கான் பிடிப்பார், நான் இறக்கையைத் திருப்பும் கயிறு. துணிப் பாய் தப்பாக நின்றால் படபடவென்று அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். இறக்கை அழுத்தக்காரி, வாயே திறக்காது. அதன் இரு பக்கமும் ஒட்டிய கம்பளி நூல்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூல் படுத்திருந்தால் சரி. எழுந்து ஆடினால் கயிற்றை அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். கரையில் நின்ற யாரோ ஒருவர் உதவிக்கு வந்து மூக்கைக் கொஞ்சம் திருப்பிவிட, படகு குப்புற விழுந்து இறக்கையின் ஓரம் நொறுங்கியதிலிருந்து மச்சான் அக்காவைத் தவிர யாரையும் நம்பவில்லை. அக்கா பிடித்தாள், பிடித்தாள், வருஷக்கணக்கில் பிடித்தாள்.

பிறகு வீட்டை விற்றார்கள். இனி மகள் வீட்டுக்குப் பக்கத்தில், அடுக்குமாடியில் ஏழாவது மாடி. படகை வாங்கியவர் இறக்கை வேண்டாம் என்றுவிட்டார். திங்கட்கிழமை அதைப் பிரிப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை ஏரிக்குப் போனோம்.

மூன்று பேரும் சேர்ந்து இறக்கையை நிமிர்த்தினோம். அக்கா வழக்கம்போல மூக்குப் பக்கம் போகவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க போய்ப் பிடிங்க. நான் ஏறுறேன்.”

“வெளையாடாதம்மா. ரெண்டு பேர்தான் போக முடியும்.”

“ரெண்டு பேர்தான். நானும் என் தம்பியும்.”

“உனக்கு இதுல என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. ஏத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மேகம் பார்த்தேன். ஆனால் அக்காவின் குரல் கடைசியில் லேசாக உடைந்ததை நானும் கேட்டிருந்தேன். இன்றைக்கு விட்டால் அவளுக்கு இது இல்லவே இல்லை.

“மச்சான், நீங்களும்தான் இது ஓடுறத ஒரு தடவகூட வெளிய நின்னு பாத்ததில்ல,” என்றேன். “இன்னிக்கு விட்டா எப்பப் பாப்பீங்க?”

அது வேலை செய்தது. மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கி மூக்கைப் பிடித்தார்.

நான் சுக்கானில், அக்கா கயிற்றில். புதிதாகக் கயிறு பிடிக்கிற எல்லாரையும் போல அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நூல்கள் எழுந்து ஆடின. படகு மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது.

“விடுக்கா, கொஞ்சம் விடு.”

“விட்டா நின்னுடாதா?”

“விட்டாத்தான் ஓடும்.”

நம்பாமல் ஒரு முழம் விட்டாள். நூல்கள் அத்தனையும் ஒன்றாகப் படுத்தன. படகு துள்ளிப் பாய்ந்தது, ஒரு பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு எழும்பியது. அக்கா கத்தினாள், பயத்தில் என்று நினைத்தேன், சிரிப்பு. பேத்தி எடுத்தவள், நரைமுடி முகத்தில் ஒட்ட, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு யாராவது நாலு அறை விட்டிருக்க வேண்டும். இதை இத்தனை வருஷம் நாங்களே தின்று தீர்த்திருக்கிறோம்.

திரும்பி வந்தபோது மச்சான் கரையேறவே இல்லை. விட்ட இடத்திலேயே, அதே தண்ணீரில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். படகின் மூக்கைப் பிடித்தபோது பார்த்தேன், அவர் உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது.

“எப்படி இருந்துச்சு மச்சான், நம்ம இறக்கை?”

“எங்கடா பாத்தேன்,” என்றார் எரிச்சலாக. “இவ தலை தெரியுதா தெரியுதான்னே பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பும்போது மறைஞ்சிடுச்சு. உசுரே போயிடுச்சு.” பிறகு அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தினம் இப்படியாம்மா நின்ன?”

அக்கா குனிந்து, ஈரக் கையால் அவர் நெற்றியைத் தொட்டாள். பிறகு இறங்குவதற்காகக் காலைத் தண்ணீரில் வைத்தாள்.

“இறங்காத,” என்றார் மச்சான். “இன்னொரு சுத்து போயிட்டு வா. நான் பிடிச்சுக்கிறேன். இந்தத் தடவ இறக்கையப் பாக்குறேன்.”

போனோம். நடு ஏரியிலிருந்து நான் திரும்பிப் பார்த்தேன். இறக்கை வானத்தில் அத்தனை உயரத்தில் நின்றது. மச்சானின் முகம் அவ்வளவு உயரத்துக்கு ஒருமுறைகூட நிமிரவில்லை.