பேசாமல் ஏறியவள்

காலையில் செருப்பு வாரை மாட்டும்போதே மனைவி உதட்டின் மேல் விரலை வைத்தாள். மலைக்கோயில் போய்ச் சேரும்வரை மௌனம்.

"நல்ல நாள் பாத்தா," என்றான் கணவன்.

அன்று மாலைக்குள் காப்பகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தத்தெடுக்க அவர்கள் பார்த்துவைத்திருந்த நாலு வயதுப் பெண்ணுக்கு ஓர் அண்ணன் இருக்கிறானாம். முந்தின நாள்தான் போனில் சொன்னார்கள். இருவரையும் பிரிக்க மாட்டார்கள். சேர்த்து ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேறு குடும்பம்.

"உன் இஷ்டம்," என்றிருந்தான் அவன். திரைச்சீலை வாங்கும்போதும் அதையே சொன்னவன்.

"மேல போய்ச் சொல்றேன்," என்றிருந்தாள் அவள்.

மனைவியின் தங்கையும் கூட வந்தாள். மருந்துக்கடையில் வேலை.

"டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான், அத்தான். இந்த மூஞ்சி எனக்கே பிடிபடல."

அவன் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். இன்று சரளையில் உரசும் செருப்பொலிதான் கிடைத்தது.

கால்வாய்க் கரை முடிந்து ஏற்றம் தொடங்கியது. முன்னால் போன பக்தர்கள் வெயிலில் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

"தலையையாவது ஆட்டேன்," என்றான்.

அவள் ஆட்டினாள்.

"பாத்தியா? வேணாம்கறா."

"ஈ ஓட்டுறா அத்தான்."

ஒரு மரத்தடியில் இரண்டு சிறுவர்கள் ஒரே தண்ணீர் பாட்டிலுக்கு மல்லுக்கட்டினார்கள். அவர்களின் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மனைவி நின்று பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"ஒண்ணுதான் குடுத்தா," என்று கிசுகிசுத்தான். "ரெண்டு பேர் இருக்கும்போது ஒண்ணுதான் குடுத்தா."

"பாக்கெட்ல ஒண்ணுதான் மிச்சம். வழியெல்லாம் தின்னுட்டு வந்தது யாரு?"

அவன் வாயோரத் துகளைத் துடைத்துக்கொண்டான். பிறகு இரண்டெட்டு முந்திப்போய்த் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். கல் தடுக்கியது. முழங்கையில் சிராய்ப்பு. அவள் குனிந்து மண்ணை ஊதிவிட்டாள். அதிலும் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான்.

"ஜோசியக்காரர் எந்திரிங்க," என்றாள் தங்கை.

வெயில் சாயும்போது கோயில் வாசலை எட்டினார்கள். மனைவி மதில் ஓரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"இப்பச் சொல்லு," என்றான்.

"நீங்க சொல்லுங்க." குரல் கரகரத்தது.

"நான்தான் உன் இஷ்டம்னு..."

"அதுக்குத்தான் வாயை மூடிட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னா அதுக்குப் பின்னாடியே வந்துடுவீங்க. ஒரு நாள் முழுக்க விட்டேனே, என்ன யோசிச்சீங்க?"

அவன் எதையும் யோசித்திருக்கவில்லை.

"உன்னைத்தான் பாத்துட்டே வந்தேன்."

"எதுக்கு?"

"வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"யாரை?"

"அந்தப் பையனை."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா, உனக்கு?" என்றாள் தங்கை.

"எனக்கு நேத்து போன் வந்தப்பவே ரெண்டு பேரும்தான்னு தெரியும்."

"அடிப்பாவி. எங்களை இப்படி வெயில்ல காய விட்டியே!"

மனைவி போனை எடுத்து எண்ணை அழுத்தி அவனிடம் நீட்டினாள்.

"நீயே பேசேன்."

"தொண்டை கட்டிக்கிச்சு," என்றாள். இப்போது குரல் தெளிவாகவே இருந்தது.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அவன் தன் பெயரைச் சொன்னான். எதற்காகக் கூப்பிடுகிறான் என்பதைச் சொன்னான். பிறகு கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அந்தப் பையன் பேரு என்னங்க?"