வலிக்காத ரத்தம்

என் வீட்டுக்காரர் குழந்தைவேலுக்குக் கோழி என்றால் உயிர். மோகனூர் பக்கம் எங்கள் பண்ணையில் இருபதாயிரம் முட்டைக்கோழி. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் எச்சத்தைத்தான் முதலில் பார்ப்பார். நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் போதும், காபியைக்கூடக் குடிக்காமல் நாலு கோழியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாமக்கல் லேபுக்கு வண்டியை விரட்டிவிடுவார். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கெட்ட கோபம் வரும்.

அப்படிப்பட்ட மனுஷர் தன் விஷயத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஆவணி மாதம் ஒருநாள் மோட்டார் கெட்டுப்போய்க் கக்கூஸில் தண்ணீர் வரவில்லை. அவருக்குப் பின்னால் நான் போனேன். பீங்கானில் சிறுநீர் செக்கச்செவேலென்று கிடந்தது. ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். கேட்டால் சாவகாசமாகச் சொன்னார், சூடாம். வலியே இல்லையாம். இளநீர் குடித்து, நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணிந்துவிடுமாம். குளித்தார். மறுநாள் தெளிவாகத்தான் போயிற்று. பார்த்தாயா என்று மீசையை வேறு முறுக்கினார்.

எங்கள் பக்கத்தில் ஆம்பளைகளின் எல்லா வியாதிக்கும் சூடு என்றுதான் பெயர். கண் சிவந்தாலும் சூடு, மூலம் வந்தாலும் சூடு. கூச்சத்தை மூடி வைக்க அதைவிட நல்ல மூடி கிடையாது.

நான் ஏமாறுகிற ஆள் இல்லை. வண்டிச் சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"ஏனுங்க, எச்சத்துல ரத்தத்தப் பாத்துட்டு, மறுநா நின்னுபோச்சுன்னா கோழிய அப்படியே உட்டுருவீங்களா?"

விட்டுவிடுவேன் என்றால் பொய். மாட்டேன் என்றால் கிளம்ப வேண்டும். சட்டையை மாட்டினார்.

சிறுநீரக டாக்டர் சின்ன வயதுக்காரர். எப்போதிலிருந்து என்று கேட்டார். இரண்டு நாளாக என்றேன் நான். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"சித்திரையில ஒருக்கா வந்துச்சுங்க. ஆனியில ரெண்டு தடவ. பயமா இருந்துச்சு. சூடுன்னு நெனச்சுக்கிட்டா நிம்மதியா இருந்துச்சுங்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டுவதற்கு அது இடமில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரும் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை வந்தாலும், வலிக்காவிட்டாலும், தானாக நின்றுபோனாலும் காட்டிவிட வேண்டும் என்றார். முப்பது வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறவர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம்.

ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் நிலக்கடலை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வயிற்றைக் கிழிக்காமல், உள்ளே கேமரா விட்டு எடுத்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் மேலோடு நின்றிருந்தது, தசைக்குள் இறங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டும், திரும்ப வந்தாலும் முளையிலேயே கிள்ளிவிடலாம் என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சிகரெட்டை அன்றைக்கே நிறுத்தினார்.

ஊரில் கேட்டால் கிட்னிக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என நானே யோசித்து வைத்திருந்தேன். சோதனை முடிவு வந்த மூன்றாம் நாள் திருச்செங்கோட்டிலிருந்து என் தம்பி செங்கோட்டையன் போன் செய்தான். போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவன், நாற்பத்தெட்டு வயது. மாமாவுக்கு என்ன ஆபரேஷன் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, ஒன்னுக்குப் போறப்ப ரத்தம் வந்துச்சு. வலியே இல்ல. நாலு மாசம் உங்கக்காகிட்ட மறச்சுட்டேன். கேன்சர் கட்டியாம், எடுத்துட்டாங்க."

அந்தப் பக்கம் ரிக் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மாமா," என்றான் தம்பி மெதுவாக. "நான் இப்பவே கெளம்பி வாரேன். அந்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"