பாடிக்கு முன்னால் ஒரு கேட்

எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்துவிட்டால் போதுமா? எண்பத்தெட்டில் பூந்தமல்லியிலிருந்து பாடி வழியாகப் பாரிமுனைக்கு விட்டார்களே, அது பழைய வண்டிதான். மேலே புதுப் பெயின்ட், சீட்டுக்குப் புது ரெக்சின், டிக்கெட் ஒன்றுக்கு இரண்டு, ஸ்டாப்பில் பாதி காலி. முன்னால் லாரி படுத்துக்கொண்டால் எக்ஸ்பிரஸ் என்ன, ஏரோப்ளேன் என்ன? அம்பத்தூர் எஸ்டேட் முனையில் சாதா பஸ்ஸுக்குப் பின்னால் நின்று அதன் புகையைக் குடிக்கத்தான் வேண்டும். டிரைவர் கலியமூர்த்தி தினமும் திட்டிக்கொண்டேதான் ஓட்டினார்.

ஆனாலும் அந்த வண்டியை நம்பிச் சில பெண்கள் இருந்தார்கள். பாடியில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் டெம்பரரி வேலை. ஊர்ந்து ஊர்ந்து வரும் சாதா பஸ்ஸில் போனால் கேட் மூடிவிடும். மூடினால் அன்றைய வேலை போச்சு. அடிக்கடி ஆனால் பேரையே அடித்துவிடுவார்கள். பாரிவாக்கத்திலிருந்து குமணன்சாவடிக்கு நடந்து வந்து ஏறுகிற வசந்தகுமாரிக்கு வேலை பெர்மனென்ட் ஆகப்போகிற சமயம். புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

கம்பெனி கேட்டோ பாடி ஸ்டாப்புக்கு வெகு முன்னால் இருந்தது. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கக் கூடாது. ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடி வருவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதனால் தானாக ஒரு வழக்கம் உண்டாயிற்று. மதில் தெரிந்ததும் கலியமூர்த்தி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வரும், நிற்காது. பெண்கள் முன்படி வழியாக ஒவ்வொருத்தியாகக் குதித்துவிடுவார்கள்.

அன்று குமணன்சாவடியில் சஃபாரி சூட் போட்ட ஒருவர் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு ஓடிவந்தான் கண்டக்டர் கஜபதி. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணாத்தே, ஹெட் ஆபீஸ் ராமகிருஷ்ணன் சாரு. இந்த ரூட்டு தேறுமா தேறாதான்னு பார்க்க வந்துகீறாரு. லேட்டானா ரூட்டே கட்டு. கண்ட எடத்துல ஸ்லோ பண்ணாலும் கட்டு."

"அந்தப் பொண்ணுங்களாண்ட சொல்லிடுடா."

"அவரு பக்கத்துலயே கீதுங்க. இன்னான்னு சொல்றது?"

ரூட் போனால் கலியமூர்த்திக்கு வேறு ரூட் கிடைக்கும். இந்தப் பெண்களுக்கு? இன்றைக்கு ஒருநாள் அவர்களுக்கு லேட்டானால் ஆகட்டும், வண்டி தப்பினால் போதும், நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வேகத்தைப் பார்த்தால் அவர்களே உள்ளே போய்விட மாட்டார்களா என்ன?

பாழாய்ப்போன எஸ்டேட் முனையில் அன்று ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. ராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வழி கிடைத்ததும் கலியமூர்த்தி விரட்டினார். மற்ற நாளைவிட அதிக வேகம்.

மதில் தெரிந்தது. கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

கண்ணாடியில் முன்படி தெரிந்தது. கடைசிப் படியில் வசந்தகுமாரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அவளோடு வேலை செய்யும் ரோஸி, அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "உள்ளே போம்மா" என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை, கத்தியிருக்கலாம். பின்சீட்டில் அந்த மனுஷன் இருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டார் கலியமூர்த்தி. அடுத்த தடவை பார்த்தபோது படி காலியாக இருந்தது. ரோஸி அலறினாள். பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வசந்தகுமாரியின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டெப்போவில் சஸ்பென்ஷன் ஆர்டரை வாங்கிய கலியமூர்த்தி நேராக வார்டுக்குத்தான் போனார். ரோஸி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பாவி நான். ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காம வுட்டுட்டேன் தாயி."

"சே, இன்னாண்ணே நீ! நல்லவேளை எடுக்கல" என்றாள் வசந்தகுமாரி. அவள் குரல் தெளிவாக இருந்தது. "கஜபதி உன்னாண்ட வந்து சொன்னப்போ நான் உள்ளே உன் சீட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சு. நீ எங்களுக்காக ஸ்லோ பண்ணிடப் போறியேன்னு ஒரே பயம். ரோஸி வாணாம் வாணாம்னா. நானும் லேட்டாவக் கூடாது, பஸ்ஸும் போவக் கூடாது. ஓடுற வண்டியிலேர்ந்து எறங்கிப் பழக்கந்தானேன்னு குதிச்சிட்டேன்."

கலியமூர்த்தி நிமிரவில்லை.

"கால் போனா போவுது. கட்டைக்கால் வெச்சிகினு போவேன், உக்காந்து பண்ற வேலைதான். பஸ்ஸு ஓடுதில்ல அண்ணே? அந்த சாரு நல்லபடியா எழுதிட்டாரா?"

அவர் ரோஸியைப் பார்த்தார். ரோஸி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எடுத்துட்டாங்கடீ. ஆக்சிடென்ட் ஆன ரூட்டு வாணாமாம். நேத்து எனக்கும் கேட்டை மூடிட்டான்."

வசந்தகுமாரி ரோஸியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கலியமூர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் எதுக்குண்ணே குதிச்சேன்?"

காலை எடுத்தபோதுகூட அழாதவள், வார்டே எழுந்து பார்க்கும்படி அப்போதுதான் அழுதாள்.